நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

“பூச்சியெல்லாம் எங்க போச்சு?” என்று கெர்வின் அண்ணன் ஒருநாள் என்னிடம் கேட்டான்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஆகஸ்ட் மாதத்துச் சாயங்காலம். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்கச் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு மரம் நிறுத்தினால் அடுத்த மரம் பிடித்துக்கொள்ளும் கத்தல். அண்ணன் ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கேலிக்குக் கேட்கிறான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

“மழைக்கு எங்கயாவது ஒதுங்கியிருக்கும்,” என்றேன்.

“இருக்கும் இருக்கும். போன வருஷம் என்ன கத்து கத்துச்சுங்க!” என்று சொல்லிவிட்டு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலை செய்யும் கொட்டகைக்குப் போனான்.

யாரையும் மறுத்துப் பேச எனக்கு வராது. ஆமாம் என்றோ இருக்கும் என்றோ சொல்லிவிட்டால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். ‘என்னண்ணே, கத்திக்கிட்டுத்தானே இருக்கு’ என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மூன்றே சொல். சொல்லவில்லை.

அண்ணனின் தொழில் பீப்பாய்க்குச் சுருதி சேர்ப்பது. எண்ணெய் வந்த இரும்புப் பீப்பாயின் அடிப்பக்கத்தைச் சம்மட்டியால் கிண்ணம் மாதிரிக் குழித்து, அந்தக் குழிக்குள் சின்னச் சின்ன மேடுகளாகச் சுரங்களை எழுப்பி, ஒவ்வொன்றையும் சுத்தியால் தட்டித் தட்டி அதனதன் இடத்தில் நிறுத்த வேண்டும். ட்ரினிடாடில் மேட்டுக்கு ஒரு பேண்ட் உண்டு. ஆனால் தட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எங்கள் குவாரி ரோடு பேண்டில் தொண்ணூறு பேர் வாசிக்கிறார்கள், தொண்ணூறு பேருக்கும் என் அண்ணன் கைதான். பதினைந்து வயதில் சுத்தியைப் பிடித்தவன். அம்மா நியூயார்க்குக்கு வீட்டுவேலைக்குப் போய்த் திரும்பாமல் இருந்தபோது, எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்ததும் தலை பின்னிவிட்டதும் அதே கைதான். பின்னல் கோணலாக இருக்கும்.

காதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டான். கொட்டகையில் யாருமே வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வருஷம் சான் ஃபெர்னாண்டோவிலிருந்து ஒரு சுருதிக்காரர் உதவிக்கு வந்தார். இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறத்தில் மூடி போட்டிருந்தார். முதல் நாளே அவருக்குப் பைலட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். “பைலட்டு, விமானம் எத்தன மணிக்கு?” “பைலட்டு, பார்படோஸ்ல ரெண்டு பேர எறக்கி விடு.” மூன்றாம் நாள் அவர் வரவில்லை. “காத அடைச்சுக்கிட்டுச் சுருதி சேக்குறவன், கையக் கட்டிக்கிட்டு நீச்சலடிக்கிறவன்,” என்று அண்ணன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தை நான் பதினான்கு வயதில் விட்டேன். எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள். எனக்குக் குரல் எழும்பாது. ‘இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா’ என்று டீச்சர் சொல்லச் சொல்ல வகுப்பே சிரிக்கும். ஒரு திங்கட்கிழமை போகவில்லை, பிறகு போகவே இல்லை. அண்ணன் இரண்டு நாள் திட்டினான், மூன்றாம் நாள் “சரி, எலிக்குட்டி, சமைக்கவாவது கத்துக்க,” என்றான்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். விஞ்ஞான அறைச் சுவரில் தொங்கிய ஒரு படம். மேலே நீளமாக ஒரு கோடு, அதன்மேல் மனிதக் காது என்று எழுதியிருக்கும். வினாடிக்கு இருபது அதிர்வில் தொடங்கி இருபதாயிரத்தில் முடியும். அதற்குக் கீழே வரிசையாகச் சின்னக் கோடுகள். பியானோ இருபத்தேழிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம். வயலின் நூற்றுத் தொண்ணூற்றாறில் தொடங்குகிறது. புல்லாங்குழல், எக்காளம், ஆண்குரல், பெண்குரல். கடைசியில் வௌவால் ஒன்று மனிதக் காதைத் தாண்டி வெளியே போய்விடும். அந்தப் படத்தில் பீப்பாய் இல்லை. எங்கள் ஊரிலேயே பிறந்த வாத்தியம், எங்கள் ஊர்ச் சுவரில் இல்லை.

அதனால் என் நோட்டில் நானே வரைந்தேன். அண்ணனிடம் சுருதிப் பெட்டி ஒன்று இருந்தது. சுரத்தைத் தட்டினால் அதில் விளக்குகள் ஓடும். சுரம் சரியான இடத்துக்கு வந்ததும் விளக்குகள் அசையாமல் நிற்கும். சாப்பாடு கொண்டுபோகும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொள்வேன். பெரிய பேஸ் பீப்பாய் அறுபதுக்குக் கொஞ்சம் கீழே தொடங்குகிறது. அது வயிற்றில் கேட்கும். மெட்டு வாசிக்கும் டெனர் பீப்பாயில் நடுவில் இருக்கும் சின்ன எஃப் சுரம், ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.

“அது அடிக்குரல் மட்டுந்தான், எலி,” என்றான் அண்ணன். “ஒரு சுரத்துக்குள்ள மூணு பேரு குடியிருக்கான். கீழ் வீட்டுக்காரன் ஒருத்தன். மாடியில அவனப்போல ரெண்டு மடங்குக்காரன். மொட்டை மாடியில மூணு மடங்குக்காரன். கீழ் வீட்டுக்காரன பெட்டி பாத்துக்கும். மேல இருக்கிற ரெண்டு பேரு எவ்வளவு கத்துறான், எவ்வளவு அடங்குறான், அத எந்தப் பெட்டியும் சொல்லாது. அதுக்குத்தான் இது.” அவன் தன் காதைச் சுத்திப் பிடியால் தட்டிக் காட்டினான்.

வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன். சின்ன எஃப்பின் மொட்டை மாடிக்காரன் நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூறு.

கொட்டகையின் தலைவர் ஆல்பன் மாமா. அவர் இடுப்பில் பெரிய சாவிக்கொத்து ஒன்று தொங்கும். அவர் மேட்டில் ஏறி வரும்போதே சலங்கை கட்டிய மாடு வருவது போலச் சத்தம் வரும். போன நவம்பரில் ஒருநாள் அவர் அண்ணனுக்குப் பின்னால் வந்து தோளில் கை வைத்தார். அண்ணன் துள்ளி எழுந்தான், சுத்தி கையிலிருந்து விழுந்துவிட்டது.

“என்னடா, கடன்காரனப் பாத்த மாதிரி துள்ளுற?”

“பூன மாதிரி வந்தா?”

“நானா? பூனையா? என் பொண்டாட்டி கேட்டா சந்தோஷப்படுவா,” என்று ஆல்பன் மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். சாவிகளும் குலுங்கின.

அன்றைக்கு எனக்கு அந்த ஆகஸ்ட் சாயங்காலம் ஞாபகம் வந்தது. மறுநாள் என் போனில், கேட்ட எண்ணில் சத்தம் எழுப்பும் ஒரு செயலியை இறக்கினேன். அண்ணன் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவன் முதுகுக்குப் பின்னால் நின்று வைத்துப் பார்த்தேன். ஐந்நூறு: “என்ன அது?” என்றான். ஆயிரம்: “அத நிறுத்து.” இரண்டாயிரம்: தலையை மட்டும் திருப்பினான். மூவாயிரம்: ரொட்டியைக் காப்பியில் நனைத்தான். நாலாயிரம்: நனைத்ததை வாயில் போட்டான். சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவன் மெதுவாக மென்றான். ஆறாயிரத்துக்கும் அசையவில்லை. எட்டாயிரம் வைத்தபோது, “கொசு பேட்டா அது?” என்று கேட்டான்.

நோட்டில் டெனர் பீப்பாயின் கோட்டுக்குக் கீழே கெர்வின் என்று எழுதி ஒரு கோடு போட்டேன். இரண்டாயிரத்தைத் தாண்டியதும் கோட்டை நிறுத்தி, எட்டாயிரத்தில் மறுபடி தொடங்கினேன். நடுவில் ரோட்டில் தார் பெயர்ந்த மாதிரி ஒரு பள்ளம். சின்ன எஃப்பின் மொட்டை மாடிக்காரன் நேராக அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து கிடந்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்து, கார்னிவல் போட்டியான பானோரமாவுக்குப் பாட்டு எடுத்தார்கள். அப்போதுதான் டெனர் வரிசையில் முணுமுணுப்பு வந்தது. டெனர்களின் தலைவி ஸினோரா அக்கா. பகலில் துறைமுக ஆபீஸில் வேலை, மற்ற நேரமெல்லாம் கொட்டகைதான். வாய் கத்தி மாதிரி.

“கெர்வின், இந்த வருஷம் பீப்பாய்க்குள்ள கண்ணாடி ஒடைச்சுப் போட்டியா? பல்லு கூசுது.”

“போன வருஷம் மந்தமா இருக்குன்ன. இந்த வருஷம் கூசுதுன்ற. உனக்குப் புருஷனும் வாய்க்கல, பீப்பாயும் வாய்க்கல.”

“புருஷன் வாய்க்காதது என் அதிர்ஷ்டம். பீப்பாய் நீ குடுத்தது.”

“பெட்டியப் பாரு. வெளக்கு அசையுதா? அசையல. அப்புறம் என்ன?”

“பெட்டிக்குப் பல்லு இல்லையே,” என்றாள் ஸினோரா அக்கா.

நடந்தது இதுதான். மேல்குரல் அண்ணனுக்குக் கேட்கவில்லை. அதனால் சுரம் மந்தமாக இருக்கிறது என்று நினைத்து, அதன் ஓரத்தில் இன்னும் நாலு தட்டுத் தட்டினான். மேல்குரல் ஏறியது. அவனுக்கு அப்போதும் கேட்கவில்லை. இன்னும் நாலு. எல்லாருடைய காதிலும் ஊசி ஏறியது, அவனுக்கு மட்டும் பீப்பாய் கம்பளி போர்த்திக்கொண்டு பாடியது. தட்டத் தட்ட இரும்பு மெலியும். மெலிந்தால் ஒருநாள் கீறும். கீறிய சுரத்தை யாராலும் மீட்க முடியாது. பீப்பாயைப் பூந்தொட்டியாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

செய்தி வெளியே போனால் இந்தத் தீவில் எந்தப் பேண்டும் அவன் கையில் பீப்பாயைக் கொடுக்காது. முப்பத்து நாலு வயது. அவனுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. அதை நினைத்து இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். ஒருநாள் இரண்டு டெனர்களில் சின்ன எஃப் கீறிவிட்டது. இரும்பு மட்டம் என்று அண்ணன் சொன்னான். மறுநாள் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து, மடித்து, பெலாவ் சோற்று டப்பாவின் மூடிக்குள் வைத்து அனுப்பினேன்.

அன்றைக்கு அவன் வழக்கத்துக்கு முன்பாகவே வீட்டுக்கு வந்தான். டப்பாவைத் திறக்கவே இல்லை என்று நினைத்தேன், சோறு அப்படியே இருந்தது. காகிதம் இல்லை. மேஜைக்கு எதிரே உட்கார்ந்தான்.

“எப்பலேந்து தெரியும்?”

நான் விரலால் மூன்று என்று காட்டினேன்.

“மூணு வாரமா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“மூணு மாசமா?”

மறுபடி ஆட்டினேன். அவன் என்னையே பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் என்னை அடித்ததே இல்லை, இருந்தாலும் நினைத்தேன்.

“மூணு வருஷம். அந்தப் பூச்சி,” என்றான்.

“டாக்டர் கிட்ட போலாம்ணே.”

“போலாம். அவரு ஒரு சீட்டு எழுதுவாரு. நான் பஸ் ஏறி வர்றதுக்குள்ள அந்தச் சேதி மேடேறி வந்துடும்.” அவன் கையை விரித்து மேஜைமேல் வைத்தான். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. “பானோரமா முடியட்டும். செமி பைனலுக்கு அஞ்சு வாரம் இருக்கு. அது வரைக்கும் உன் காதக் குடு எலி.”

எனக்குப் புரியவில்லை. அவன் பீப்பாயை மடியில் வைத்திருப்பது போலக் கையை வைத்துக் காட்டினான். “நீ எதிர உக்காரு. நான் தட்டுறேன். மேல் வீட்டுக்காரங்க ரெண்டு பேரையும் நீ கேட்டுச் சொல்லு. வாயத் தொறக்க வேணாம். உனக்கும் அதானே நல்லது?”

இப்படித்தான் அடையாளம் வைத்துக்கொண்டோம். மேல்குரல் ஏற வேண்டுமென்றால் முகவாயை உயர்த்துவேன். இறங்க வேண்டுமென்றால் தாழ்த்துவேன். அதிகமாகக் கத்தினால் முழங்காலைச் சொறிவேன். சரியாக வந்துவிட்டால் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குவேன். மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணன் சாப்பிட மறந்துவிடுவான், நான் காத்திருக்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். வாயில்லாத பெண்ணை யார் கவனிப்பார்கள்?

முதல் வாரமே டெனர்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. ஒவ்வொரு சுரமாக இறக்கினோம். கண்ணாடி போய்த் தண்ணீர் வந்தது. ஸினோரா அக்கா வாசிக்கும் கட்டைகளை எடுத்து மேலிருந்து கீழே ஓர் ஓட்டம் ஓட்டிவிட்டு நின்றாள்.

“என்ன கெர்வின், யாரு கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்ட?”

“உன் கால்லதான். காலக் கழுவு மொதல்ல.”

வீட்டில் அவன் சாப்பிடும்போது பாட ஆரம்பித்தான். என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, “தங்கக் காது” என்று ஆட்டுவான். பதினாறு வருஷத்தில் யாருக்கும் நான் எதற்கும் தேவைப்பட்டதில்லை. காலையில் எழுந்ததும் கொட்டகைக்குப் போக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சந்தோஷம் என்றுதான் அதை அப்போது நோட்டில் எழுதினேன்.

ஆனால் சுத்திக்கும் எனக்கும் நடுவில் இரண்டடிதான். இரும்பில் இரும்பு மோதும். முதலில் தட்டும்போது கண் மூடும், பிறகு பழகிவிட்டது. இரண்டாம் வாரம் வீட்டுக்கு வந்த பின்னும் தலைக்குள் மெல்லிய விசில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தூங்கி எழுந்தால் போய்விடும். அண்ணனிடம் சொன்னேன்.

“பஞ்சு வெச்சுக்கிறியா?” என்றான்.

“வெச்சா மேல்குரல் கேக்காதுண்ணே.”

“ஆமா, கேக்காது,” என்றான். கொஞ்ச நேரம் சுத்தியின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தான். “இன்னும் மூணு வாரந்தானே.” பிறகு பஞ்சைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவன் காதுக்கு என்ன ஆனது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எதனால் ஆனது என்றும் தெரியும்.

நாலாம் வாரம் விசில் தூங்கி எழுந்த பின்னும் இருந்தது. செமி பைனலுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஆல்பன் மாமா என் தோளில் கை வைத்தார். டப்பா மடியிலிருந்து கவிழ்ந்து பருப்பும் மீனும் தரையில் கொட்டின.

“அண்ணனுக்கேத்த தங்கச்சி,” என்று அவர் சிரித்தார். “ரெண்டு பேரும் பேயக் கண்ட மாதிரி துள்ளுறீங்க.”

அவர் இடுப்பைப் பார்த்தேன். கொத்து தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தேன். இரண்டாயிரம் கேட்டது. மூவாயிரம், தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது மாதிரிக் கேட்டது. நாலாயிரம் வைத்தேன், நன்றாகக் கேட்டது. அப்பாடா என்று போனை அணைத்தேன். அணைத்த பிறகும் நாலாயிரம் கேட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். வித்தியாசம் இல்லை. போனில் வந்ததை நான் கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த விசில்தான்.

நோட்டில் ஜெர்லின் என்று என் பெயரை எழுதினேன். கோடு போடவில்லை.

அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் அன்றைக்கு எனக்காகத் தனியாகக் கடலை வைத்த டபுள்ஸ் வாங்கி வந்திருந்தான், மிளகாய் குறைவாக. “ஞாயித்துக்கிழமை முடிஞ்சுதுன்னா ரெண்டு பேரும் மராக்காஸ் கடலுக்குப் போறோம். ஒரு வாரத்துக்கு ஒரு சத்தமும் வேணாம்,” என்றான். ஆமாம் என்றேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அந்த ஐந்து நாளும் எப்படிச் சமாளித்தேன் என்றால், சுரத்தைக் கேட்காமல் வாசிப்பவர்களின் முகத்தைப் பார்த்தேன். கண் சுருங்கினால் முழங்காலைச் சொறிந்தேன். முகம் இளகினால் முடியை ஒதுக்கினேன். பழைய பீப்பாய்கள் ஏற்கெனவே சரியாக நின்றிருந்ததால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கடைசித் தட்டு. மறுநாள் சவானா மைதானத்தில் மேடை. வெளியே பீப்பாய்களைத் தொங்கவிடும் வண்டிச் சட்டங்களின் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசித் தட்டு என்றால், டெனர்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே சுரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆளுக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டே போவார்கள். இருபத்து நாலு பீப்பாயும் ஒரே பீப்பாய் மாதிரிக் கேட்க வேண்டும். கீறிப்போன இரண்டுக்குப் பதிலாக வந்த புதுப் பீப்பாய்களில் ஒன்று ஸினோரா அக்காவுடையது. அதில் சின்ன எஃப் மட்டும் பாக்கி.

அண்ணன் குந்தி உட்கார்ந்தான். நான் வாளியில் எதிரே உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்கலாம் என்றால் ஸினோரா அக்கா எனக்குப் பின்னால் ஆல்பன் மாமாவோடு நின்றிருந்தாள். வரிசையில் மற்றவர்கள் குனிந்து கட்டைகளுக்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவன் தட்டினான், என்னைப் பார்த்தான். விசில். முகவாயை உயர்த்தினேன். இன்னும் தட்டினான். விசில். உயர்த்தினேன். இன்னும் நாலு தட்டு. அவன் கண் என்மேலேயே இருந்தது, மூன்று வயதில் கிணற்றுக்குள் விழுந்த என்னை எட்டிப் பார்த்தபோது இருந்திருக்கும் அதே தவிப்போடு. எதைச் சொல்ல? முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினேன்.

அவன் சிரித்தான். சுத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டையால் சின்ன எஃப்பை அடித்தான்.

வரிசையில் இருபத்து மூன்று தலையும் நிமிர்ந்தன. கடைசியில் நின்ற ஒருவர் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டார்.

“என்ன கண்றாவி அது?” என்று ஸினோரா அக்காவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

“நல்லாத்தானே இருக்கு,” என்றான் அண்ணன். “பெட்டியப் பாரு.”

“பெட்டியப் பேசாத. அஞ்சு வாரமா பாத்துக்கிட்டிருக்கேன், கெர்வின். நீ பெட்டியப் பாத்துச் சுத்திய வைக்கல. இந்தப் பொண்ணு முடிய ஒதுக்கினா வைக்கிற.”

சக்கரத்துக்கு எண்ணெய் விட்டவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

“பைத்தியமா உனக்கு? அவ சாப்பாடு கொண்டாந்தா.”

“சாப்பாடு ஆறிப் போயி அஞ்சு வாரமாச்சு. போகட்டும், உனக்குக் கேக்கல, அவளுக்குக் கேக்குது, அவ புண்ணியத்துல எங்களுக்கும் பல்லு பொழைச்சுதுன்னு வாய மூடிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு எப்படி இத நல்லதுன்னா?”

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றுவிட்டான். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் கண், என் தலைக்கு மேலே எதையோ பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. பிறகு மறுபடி மேலே. நான் அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் எல்லாரும் அவன் பார்த்த இடத்தையே பார்த்தார்கள்.

அப்புறம்தான் நான் திரும்பினேன்.

ஸினோரா அக்கா ஆல்பன் மாமாவின் சாவிக்கொத்தை உருவி எடுத்து, என் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு வேகமாகக் குலுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது சாவி இருக்கும். ஒன்றோடொன்று மோதித் துள்ளின. அவற்றில் வெயில் பட்டுத் தெறித்தது. சத்தம் இல்லை. எனக்குள் ஓடும் விசிலைத் தவிர ஒன்றும் இல்லை.

அவள் கை மெதுவாக நின்றது.

“ஐயோ, சின்னப் பொண்ணுடா,” என்றாள் அண்ணனிடம். அவள் குரலில் இப்போது கத்தி இல்லை. “உனக்குத் தெரியாதா? இந்த இரும்பு என்ன பண்ணும்னு உனக்கே தெரியாதா?”

“கெர்வின்,” என்றார் ஆல்பன் மாமா. “உனக்காவது இது கேட்டுச்சா?”

அண்ணன் சாவிகளைப் பார்த்தான். ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்த சாவிகள். பிறகு என்னிடம் வந்து முன்னால் குந்தினான். காதுக்குப் பின்னால் நான் ஒதுக்கியிருந்த முடியை இரண்டு விரலால் எடுத்து, முன்னால் விட்டு, காதை மூடினான். சின்ன வயதில் தலை பின்னிவிட்டு முடித்ததும் அப்படித்தான் தொட்டுச் சரி செய்வான்.

எழுந்து, சுத்தியை ஸினோரா அக்காவின் பீப்பாய்க்குள் வைத்தான். பக்கத்தில் சுருதிப் பெட்டியை வைத்தான், அதன் விளக்குகள் இன்னும் அசையாமல் நின்றிருந்தன. தோல் மேலாடையை அவிழ்த்து, நாலாக மடித்து, நான் உட்கார்ந்திருந்த வாளியின்மேல் போட்டான். “அண்ணே,” என்றேன். அவனுக்குக் கேட்டிருக்கும். என் குரல் அவன் கோட்டில் பள்ளம் இல்லாத பக்கத்தில்தான் இருக்கிறது.

அவன் திரும்பவில்லை. தொண்ணூறு பேருக்கு நடுவே நடந்து, கதவைத் தாண்டி, மேட்டிலிருந்து இறங்கிப் போனான்.